சமணமலை மேலே கிடக்கும் அடித்தளம்: வட்டெழுத்தைப் படமெடுப்பது எப்படி?

கூடல்வாசி:
கீழக்குயில்குடி சமணமலையில், சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளத்துக்கு மேலே கருங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறதே, அதுதான் மாதேவிப் பெரும்பள்ளியா? அதிலுள்ள வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துமுறை) போட்டோவில் விழவே மாட்டேன் என்கிறது. மாவு பூசித் துடைத்தால் தெளியும் என்கிறார்கள். செய்யலாமா?

நாகமலையான்:
அதேதாங்க. 9ஆம் நூற்றாண்டில் பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்துச் சமணப் பள்ளி, அதாவது துறவிகள் தங்கிய இடம். அவன் தேவி வானவன் மாதேவி பேரில் எடுத்தது. மேல்கட்டு போய்விட்டது.

மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதுவுமே வேண்டாம். மாவு எழுத்துப் பள்ளத்தில் மட்டுமா தங்கும்? பாறைப் பொரிவு, உளி தவறிய கொத்து எல்லாவற்றிலும் ஏறும். அப்புறம் கீறலைத் துணைக்கால் என்று வாசிப்பீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறுத்து ஒட்டிக்கொள்ளும். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் வேறு.

வெயில் நேராக அடிக்கும்போது எழுத்து மறைந்துபோகும். ஒருவர் வேட்டியை விரித்து நிழல் கட்டட்டும். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருக்க, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் 10-15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். இடம், வலம், மேல், கீழ் என நாலு படம். ஒன்று போதாது: வெளிச்சம் போகிற திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது, அந்தக் கோடு படத்தில் காணாமல் போகும்.

கல்லெழுத்து:
படித்துப் பழக அடித்தளம் சரிப்படாது. கீழே பேச்சிப்பள்ளத்துக்குப் போங்க. எட்டுத் திருமேனிகளை ஒட்டிக் குட்டிக் குட்டிக் கல்வெட்டுகள். படமெடுத்த பாம்பின் கீழ் நிற்பவர் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியவர் சமணத் துறவி பாகுபலி. முதலில் கிரந்த (வடமொழிக்கான எழுத்து) 'ஸ்ரீ'யைத் தேடுங்கள், கடைசியில் 'செய்வித்த திருமேனி'யைப் பிடியுங்கள் ('செய்விச்ச' என்றும் வரும்). நடுவில் சிக்குவது பெரும்பாலும் ஊர், குரு, மாணாக்கர் பெயர். 'குறண்டி' என்று வந்தால் அது வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி. இந்தக் கல்வெட்டுகளில் வரும் துறவிகள் பலர் அந்தப் பள்ளித் தொடர்புடையவர்கள்.

ப, வ, ய மூன்றும் கண்ணை ஏமாற்றும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் கிடையாது. எழுத்தை வைத்துச் சொல்லைக் கட்டாமல், சொல்லை வைத்து எழுத்தை உறுதி செய்யுங்கள்.

கூடல்வாசி:
மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது) எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

நாகமலையான்:
அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் கைப்பழக்கம் வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துத் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கணும். ஈரம் பாதி காய்ந்ததும் மை ஒற்றணும். அவசரப்பட்டால் மை ஊறிப் பள்ளத்துக்குள் போய், வெள்ளையாக நிற்கவேண்டிய எழுத்து கறுத்துவிடும். ரொம்பக் காய்ந்தால் தாள் கிளம்பிக்கொள்ளும். மலைக்காற்றில் அதுதான் அடிக்கடி நடக்கும்.

கல்லெழுத்து:
இன்னொன்று. இன்னும் மேலே விளக்குத்தூண் பக்கத்துப் பாறையிலும் எழுத்து உண்டு. அதில் வட்டெழுத்தைத் தேடாதீங்க, அது கன்னடம்.