உறவுக் குழுவில் உருண்டை நிலா

*கயல்:* 📷 புகைப்படம்
ஒருவழியாக முடித்துவிட்டேன்! பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு முழுநிலாவும் நான் எடுத்தவை, நான்கு மாத இடைவெளியில். படத்துக்கு அப்பால் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் கண்களைத் தளர்த்துங்கள். இடது கண் இடது படத்தையும் வலது கண் வலது படத்தையும் பார்க்கும்; நடுவில் மூன்றாவதாக ஒரு நிலா உருண்டையாக எழும். அதை விட்டுவிடாதீர்கள்.

*சித்தி:* இரண்டும் ஒரே படமாகத்தானே இருக்கிறது?

*கயல்:* இல்லை சித்தி. வலப்பக்கம் மேலே முட்டை வடிவத்தில் தனியாக ஒரு கருந்திட்டு இருக்கிறதே, அதுதான் மாரே கிரிசியம். இடது படத்தில் விளிம்பை ஒட்டிக் கிடக்கிறது. வலது படத்தில் நன்றாக உள்ளே வந்துவிட்டது.

*சித்தி:* அட, ஆமாம்! நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்றல்லவா படித்தோம்?

*கயல்:* அதே முகம்தான், ஆனால் லேசாகத் தலையசைக்கிறது. நிலா தன்னைத்தானே சுற்றும் வேகம் மாறாது. பூமியைச் சுற்றும் வேகமோ நீள்வட்டப் பாதையில் கூடும், குறையும். இரண்டும் ஒத்துப்போகாததால் முகம் இடமும் வலமுமாக ஏறத்தாழ 8 பாகை வரை திரும்பும். மேலும் கீழும்கூட அசைவு உண்டு. மொத்தத்தில் நிலாவின் 59 சதவீதப் பரப்பை இங்கிருந்தே பார்த்துவிடலாம்.

*பெரியப்பா:* நமக்குத்தான் இரண்டு கண் இருக்கிறதே அம்மா, நேரில் பார்த்தால் உருண்டையாகத் தெரியக்கூடாதா?

*கயல்:* கண்களுக்கு நடுவே 6.5 சென்டிமீட்டர்தான் பெரியப்பா. நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில். இரண்டு கண்ணுக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும், அதனால் தட்டுபோலத் தெரிகிறது. நிலா 7 பாகை திரும்பும்வரை பொறுத்திருந்தால், 47,000 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு கண்களை வைத்ததற்குச் சமம்!

*முகில்:* அக்கா, எனக்கு நடுநிலா வந்துவிட்டது. ஆனால் கிண்ணம்போல் குழிந்திருக்கிறது.

*கயல்:* கண்களை மூக்குப் பக்கம் குவித்திருக்கிறாய். அப்படிச் செய்தால் இடது கண் வலது படத்தைப் பார்க்கும், மேடு பள்ளமாகிவிடும். தூரத்தைப் பார்.

*முகில்:* பந்து!! கையில் பிடிக்கலாம் போல இருக்கிறது!

*பெரியப்பா:* ஏன் பௌர்ணமி? பிறையில் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியுமே.

*கயல்:* தெரியும். ஆனால் இரண்டு படத்திலும் நிழல்கள் ஒன்றுபோல் விழவேண்டும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு கொஞ்சம் விலகினாலும் கண் உறுத்தும். பௌர்ணமியில் அந்தத் தொல்லை குறைவு. அதற்கே இரண்டு பௌர்ணமிகளை மேகம் தின்றுவிட்டது. பிறகு ஒரு படத்தைச் சாய்த்து, நிலா திரும்பிய திசையைக் கிடைமட்டமாக்கி, அளவையும் சமப்படுத்தினேன். நிலா கிட்டே வரும்போது பெரிதாகத் தெரியுமல்லவா? 1858இலேயே வாரன் டி லா ரூ என்ற பிரிட்டிஷ் வானியலாளர் இப்படி உருண்டையாகத் தெரியும் நிலாப் படத்தைக் கண்ணாடித் தகடுகளில் சாதித்திருக்கிறார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

*சித்தி:* கயல்! வந்துவிட்டது! கீழே ஒரு வெள்ளைப் புள்ளியிலிருந்து கோடுகள் கிளம்பி உருண்டைமேல் வளைந்து போகின்றன!

*கயல்:* அதுதான் டைக்கோ பள்ளம் சித்தி! அந்தக் கோடுகள் வளைவதைப் பார்க்கத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

*சித்தி:* இரு, பாட்டியின் கண்ணாடியை எடுத்து வருகிறேன். அவர்களும் பார்க்கட்டும்.