கட்டி எடுத்த குழியில் என் ரத்தத்தையே வைத்தார்கள்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மதுரைக்காரி:
சின்ன வயதில் விழுந்து அடிபட்ட மேல் முன்பல். உள்ளே அது செத்துப்போனது எனக்குத் தெரியவே தெரியாது, வலியே இல்லையே! ஈறு உப்பியதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேர்நுனியில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பு. நீர்க்கட்டி.

வேர் சிகிச்சை முடித்து, ஆபரேஷன் அன்று காலையில் கையில் 20 மில்லி ரத்தம் எடுத்தார்கள். உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாய். இரண்டு முறை சுழற்றியதும் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் என்று பிரிந்துவிட்டது. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) நிறைந்த பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, கால்சியம் குளோரைடு சேர்த்துக் கூழாக்கி, எலும்புத் தூளோடு பிசைந்து குழியை நிரப்பினார்கள்.

"எலும்பு சீக்கிரம் வந்துருமா டாக்டர்?" என்று கேட்டேன். "சதை நல்லா ஆறும்மா. எலும்புக்கு மாசக்கணக்கு ஆகும்" என்றார். ஒரு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் குழி வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் காட்டி அழுதேன்.

பல் மருத்துவ மாணவன்:
அக்கா, அந்த வெள்ளை பெரும்பாலும் தூளின் நிறமாகத்தான் இருக்கும். ஓரங்களைப் பாருங்கள். பழைய எலும்புக்கும் குழிக்கும் நடுவிலுள்ள கோடு மங்கினால்தான் புது எலும்பு பிடிக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பிளாஸ்மா எலும்பு வளர உதவும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு. கீழ்த்தாடையில் எலும்பு இழந்த 88 பேர். ஆறாம் மாதத்தில் பிளாஸ்மா சேர்த்தவர்களுக்கு எலும்பின் அடர்த்தி சுமார் 74 சதவீதம், சேர்க்காதவர்களுக்கு 55. ஆனால் அவர்களுக்கு வைத்தது இடுப்பிலிருந்து எடுத்த, உயிரணுக்கள் நிறைந்த சொந்த எலும்பு. பிளேட்லெட் விடும் வளர்ச்சிக் காரணிகள் உயிரணுக்களைக் கூப்பிடும், பெருக்கும். தாமாக எலும்பு கட்டாது. உயிரணுக்கள் இல்லாத வெறும் தூளோடு சேர்த்த பிற்கால ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி வரவில்லை. அந்த 74ஐச் சொல்லி நோயாளியிடம் காசு கேட்பது எனக்குப் பொறுக்காது.

திருச்சி அண்ணன்:
எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய குழியில் என் ரத்தத்திலிருந்தே எடுத்த ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) வைத்தார்கள். சிட்ரேட் கிடையாது, எடுத்த கையோடு ஒரே சுற்று. ஜவ்வு மாதிரி வந்தது. நாலாம் நாளே சோறு சாப்பிட்டேன். எலும்பு பற்றிக் கேட்டுக்கொள்ளவில்லை.

மதுரைக்காரி:
தம்பி, நீங்கள் சொன்ன பிறகு மூன்று எக்ஸ்ரேக்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மாதம் கோடு அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் இடது ஓரத்தில் தேடினாலும் காணோம். வலது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது.