தாயோடு திரியும் குஞ்சுக்குக் கண் சொட்டு மருந்து எதற்கு?

கே.வி.குப்பம் அக்கா:
நேற்று ஓடுகத்தூரான் தம்பி இப்படி எழுதியிருந்தார்: "தாயோடு திரியும் குஞ்சுக்குச் சொட்டு மருந்தே வேண்டாம். நான் போட்டேன், பத்தே நாளில் 11 குஞ்சும் போச்சு." அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் போடலாமா, விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். பதறிப்போய்த்தான் எழுதுகிறேன். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்க, குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்ற தடுப்பு மருந்து. நாலாவது வாரம் இன்னொரு தடவை. 8 வாரம் தாண்டியதும் இறக்கையடியில் தோலுக்குக் கீழே அதே நோய்க்கான ஆர்-டூ-பி தடுப்பூசி அரை மில்லி. 20 வருடமாக இதைத்தான் செய்கிறேன். தம்பியிடம் ஒரே கேள்வி. மருந்தை ஐஸில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனீர்களா?

ஓடுகத்தூரான்:
எங்கள் பாட்டி காலத்தில் ஏது அக்கா ஐஸ்? வாசல் நிறையக் கோழி இருந்தது. அடை வைக்கும்போது முட்டைக்கு நடுவே கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைப்பார். பொரித்ததும் நொய், கறையான். கழிச்சல் கண்டால் சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை. நான் படித்துச் சொல்லவில்லை. மருந்து போட்டேன், குஞ்சு செத்தது. என் கண்ணால் பார்த்தேன்.

கே.வி.குப்பம் அக்கா:
பாட்டி வாசல் காலியான வருடத்தையும் சொல்லியிருப்பாரே? என் மாமியார் சொல்வார், கோடையில் ஒரு வீட்டில் கோழி விழுந்தால் அடுத்த வாரம் தெருவில் கூவ ஒரு சேவல் மிஞ்சாது என்று. நீங்கள் சொன்ன உருண்டையை நானும் கொடுக்கிறேன். வயிறு மந்தமானால் கேட்கும். கழுத்து திருகிக்கொண்ட கோழியை அது எழுப்பி நான் பார்த்ததில்லை. சரி, ஐஸ் இருந்ததா?

புதுக்கூடு:
ஒரு சந்தேகம். கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாகப் போனதா, ரத்தமாகப் போனதா? ரத்தக்கழிச்சல் வேறு நோய் ஆயிற்றே, அதற்கு இந்தச் சொட்டு எப்படிக் கேட்கும்? முதலில் எந்த நோய் என்று முடிவு செய்துகொண்டால் நல்லது.

பாலாற்றங்கரை:
அக்கா சொல்வதே சரி. இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர் வந்ததே நம்ம ராணிப்பேட்டையில் கண்டுபிடித்ததால்தான். நம் ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை.

வாலாஜா வாத்தியார்:
தப்பு. ராணிக்கெட் குமாவுன் மலையில் இருக்கும் ஊர். 1920-களின் கடைசியில் அங்கே கோழிகளிடம் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். இங்கிலாந்தில் 1926-ல் நியூகாசில் பக்கம் கண்டார்கள், உலகம் முழுக்க அந்தப் பெயரால் சொல்கிறது. ராணிப்பேட்டையில் இருப்பது 1932-ல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். முதலில் மாட்டு வெக்கை நோய்க்காக வந்தது, அப்புறம் கோழி மருந்தும் செய்கிறது. பெயர் ஒன்றுபோல் இருந்தால் ஊரும் ஒன்றாகிவிடாது.

பாலாற்றங்கரை:
2019-ல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து ராணிப்பேட்டைப் பெருமை எதைச் சொன்னாலும் உங்களுக்குத் தப்பாகத்தான் தெரிகிறது.

வாலாஜா வாத்தியார்:
வாலாஜாவும் அதே மாவட்டம்தான் ஐயா. நான் பிறந்தபோது எல்லாமே வடாற்காடு. பெருமையை உண்மையில் தேடுங்கள்.
அப்புறம், தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருந்தால் முட்டைக்கரு வழியே குஞ்சுக்கும் கொஞ்சம் எதிர்ப்பு வரும். இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

ஓடுகத்தூரான்:
வாத்தியாரே சொல்லிவிட்டார்! தாயே குஞ்சைக் காப்பாற்றும். நான் சொன்னதும் அதுதான்.

கே.வி.குப்பம் அக்கா:
"ஊசி போட்டிருந்தால்" என்ற வார்த்தையை விட்டுவிட்டீர்களே தம்பி. உங்கள் தாய்க்கோழிக்கு ஊசி போட்டீர்களா? பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறார்கள். ஊசி போடாத கோழி எதைக் கொடுக்கும்? போட்ட கோழி கொடுத்தாலும் மூன்றாவது வாரத்துக்கு மேல் குஞ்சு தனியாகத்தான் நிற்கும். சிறகு முளைத்து ஓடி விளையாடும் வயதில் விழுவதைப் பார்த்தவள் நான். ஒரு வருடம் 23 குஞ்சு. கூடையைத் தூக்கினால் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. மருந்து வாங்க அலுத்துக்கொண்ட வருடம் அது. அதனால்தான் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்கிறேன். ஐஸ் இருந்ததா?

ஓடுகத்தூரான்:
கடையில் வாங்கினேன், பையில் போட்டேன், பஸ் ஏறினேன். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. வெயில் எல்லோருக்கும்தான் அடிக்கிறது.

கே.வி.குப்பம் அக்கா:
எந்த மாதம்?

ஓடுகத்தூரான்:
மே. அதனால் என்ன?

கே.வி.குப்பம் அக்கா:
வேலூர் மே மாதம்! 40 டிகிரி தாண்டும் ஊரில் பை, பஸ். அந்தக் குப்பியில் இருப்பது உயிருள்ள கிருமி, பலம் குறைத்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கலக்கியபிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள்ளேயே அது செத்திருக்கும். நீங்கள் போட்டது வெறும் தண்ணீர். மருந்து கொன்றது என்கிறீர்கள், மருந்தே உள்ளே போகவில்லை. நான் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுத்தான் எடுத்து வருவேன். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும் என்பதால் தெருவில் நாலு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி, விடியற்காலையில் எல்லோருக்கும் போட்டு முடிப்பேன்.

பாலாற்றங்கரை:
இவரிடம் இதெல்லாம் பேசிப் பயனில்லை அக்கா. போன வருடம் பொய்கைச் சந்தையில் நாட்டுக்கோழி என்று எனக்கு விற்ற பெட்டை இன்றுவரை அடை உட்காரவில்லை. கிராஸ் கோழியை, அதாவது கலப்பினத்தை, தலையில் கட்டிவிட்டார்.

ஓடுகத்தூரான்:
சந்தையில் மூன்று தடவை தூக்கிப் பார்த்து, விலை குறைத்து வாங்கியது யார்? அடை உட்காராவிட்டால் கிராஸா? ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கூடை வைத்தால் எந்தக் கோழி உட்காரும்? காசைத் திருப்பித் தருகிறேன், கோழியைக் கொண்டுவாருங்கள்.

பாலாற்றங்கரை:
கோழியைப் பொங்கலுக்கே குழம்பு வைத்தாயிற்று.

புதுக்கூடு:
கழிச்சல் என்ன நிறம் என்று யாராவது சொல்லுங்களேன்.

கே.வி.குப்பம் அக்கா:
சந்தைக் கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். தம்பி, ஐஸ் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். படிக்கிறவர்கள் மருந்தைத் திட்டாமல் பிளாஸ்க் எடுத்துப் போவார்கள்.

ஓடுகத்தூரான்:
எழுத மாட்டேன். செத்தது என் குஞ்சு, உங்களுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை 13 முட்டை அடை வைக்கிறேன். ஒன்றுக்கும் ஒரு சொட்டுப் போட மாட்டேன், எல்லாம் பிழைக்கும்.

கே.வி.குப்பம் அக்கா:
பொரிக்க 21 நாள். அதிலிருந்து 7-ஆம் நாள் காலையில் இங்கே வந்து கேட்பேன். என் பிளாஸ்க் தயாராக இருக்கும்.