சுவரைத் தள்ளித் தள்ளியே சரியான தோள்வலி

தாம்பரத்தில் 22 வருடமாக டீச்சராக இருக்கிறேன். கரும்பலகையின் மேல்பாதியில் எழுதக் கை தூக்கினால் வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தும். மொட்டைமாடிக் கொடியில் துணி போடும்போதும், 21ஜி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அதே குத்தல். தோளில் பலம் போதவில்லை என்று நினைத்து, ஜிம்மில் சேர்ந்து டம்பெல் தூக்கினேன். வலி கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் வலிக்கிற இடத்தைத் தொடவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்று, "கையை மெதுவா தூக்குங்க டீச்சர்" என்று போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். இடது தோள்பட்டை எலும்பு விலாவை ஒட்டி வழுக்கிச் சுழன்றது. வலது எலும்பின் உள்ஓரம் முதுகைவிட்டுப் புடைத்து நின்றது, தோள் காதுவரை ஏறியது. கையை 180 டிகிரி தூக்கினால் அதில் சுமார் 60 டிகிரி இந்த எலும்பின் சுழற்சிதானாம். அதைச் சுழற்றுவதோடு விலாவோடு ஒட்டி வைப்பதும் செரேட்டஸ் ஆன்டீரியர் என்ற தசை. எனக்கு அதுதான் சோர்ந்து கிடந்தது.

"தோளைப் பின்னால் இழுத்து நிமிர்ந்து நில்" என்றே எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கொடுத்தது அதற்கு நேர் எதிர். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, முழங்கை மடக்காமல் சுவரைத் தள்ள வேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அசைவு சில சென்டிமீட்டர்தான். குக்கர் விசில் வருவதற்குள் 10 தடவை முடிந்துவிடும். முதல் வாரம் கழுத்துதான் இறுகியது, தப்பான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம் களைப்பு தெரிந்த அன்றுதான் சரியான இடத்தைப் பிடித்தேன். மூன்றாவது வாரம் முன்கைகளைச் சுவரில் வைத்து, துண்டோடு மேலே வழுக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் பலகையின் மேல்விளிம்புவரை எழுதினேன்.

கை மரத்துப்போனாலோ, ராத்திரி வலி தூங்கவிடாவிட்டாலோ இதைச் செய்துகொண்டிருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

பதில்: அக்கா, நான் பெரம்பூரில் கேரம் ஆடுபவன். எனக்குத் தளர்ந்திருந்தது கீழ் டிரப்பீசியஸ், நடுமுதுகிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகிற தசை. குப்புறப் படுத்து, கட்டைவிரல் மேலே பார்க்க, இரு கைகளையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்கச் சொன்னார்கள். வெறும் கைதான், எடை கிடையாது. எட்டாவது தடவையிலேயே கை நடுங்கியது. உங்கள் சுவர்ப்பயிற்சியை இன்று காலை செய்து பார்த்தேன், எனக்கும் கழுத்துதான் இறுகுகிறது. கை தோள் உயரத்திலா, கொஞ்சம் கீழேயா?

பதில்: தோளைவிடக் கொஞ்சம் கீழே வை தம்பி. தள்ளும்போது மூச்சை விடு.