ஜெனடிக் கவுன்சிலரை (மரபணு ஆலோசகரை) பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முல்லை, திருச்சி:
அம்மாவுக்கு ஓவரி கேன்சர், பிஆர்சிஏ1 பாசிட்டிவ், அதாவது மார்பக, ஓவரி கேன்சர் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மரபணுக் கோளாறு. கீமோவுக்கு அப்புறம் ஒலாபரிப் மாத்திரை கொடுத்ததே அந்த ரிசல்ட்டை வைத்துத்தான். பிறகு குடும்பமாகக் கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையை வரைந்தார் அந்தம்மா. கேன்சர் வந்த இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினார். அம்மா, அம்மாவின் அத்தை (தாத்தாவின் உடன்பிறந்தவர்). நடுவில் வெள்ளையாக ஒரு கட்டம்: எண்பது தாண்டியும் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்த என் தாத்தா. "இவர் வழியாத்தான் வந்திருக்கணும்" என்றதும் அம்மா, "எங்கப்பாவா?" என்றாள். உடனே கவுன்சிலர் என் அண்ணன் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணு இருக்காங்களா?" என்றார். போனையே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்றுவரை அவன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கவில்லை.

கவிதா, கோவை:
முல்லை, அண்ணனை நெருக்காதீர்கள். விவரத்தைச் சொல்லிவிட்டு முடிவை நம்மிடம் விடுவதுதான் கவுன்சிலர் வேலையே. எனக்கு பிஆர்சிஏ2-இல் "அர்த்தம் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தது. சர்ஜன் இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம் என்றார். கவுன்சிலர் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இதை மட்டும் வெச்சு கத்தி வைக்கக் கூடாதும்மா" என்றார். இப்படி வந்து பின்னாளில் வகை மாற்றப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றுதான் ஆகின்றனவாம். அழுதுவிட்டேன்.

ஸ்ரீதர், சேலம்:
சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் தெளிய வேண்டியது, மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தார். அந்த மருந்தை உடம்பில் உடைக்கும் என்சைமுக்கான பிசிஎச்இ மரபணுவில் குறை. எங்கள் ஆரிய வைசியர் சமூகத்தில் அதிகம். உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கவுன்சிலர் எல்லோரையும் டெஸ்ட் எடுக்க வைத்தார்.
போகிறவர்களுக்கு: யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பழைய பயாப்சி ரிப்போர்ட் கிடைத்தால் எடுத்துப் போங்கள். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் மறைக்காதீர்கள், கணக்கே அதில் மாறும். வலிப்புக்குக் கார்பமாசெபைன் எழுதினால் முதல் மாத்திரைக்கு முன்பே எச்எல்ஏ என்ற மரபணு டெஸ்ட் வேண்டுமா என்று கேளுங்கள். குறிப்பிட்ட மரபணு வகை உள்ள சிலருக்கு அந்த மாத்திரையால் தோலே உரிந்துவிடும். ரிசல்ட்டைப் பர்ஸில் வைத்திருங்கள்.

முல்லை, திருச்சி:
கவிதாக்கா, நெருக்கவில்லை. ஆனால் அண்ணன் மகளுக்கு இப்போது இருபத்திநாலு. இந்தக் கோளாறு இருந்தால் 25 வயதிலிருந்தே வருடா வருடம் மார்பக எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். முடிவு அவனுடையது மட்டுமா? அவளிடம் நானே சொல்லலாமா என்று கவுன்சிலரிடம் அடுத்த வாரம் கேட்கப்போகிறேன்.