18 வயதாகப் போகும் பெண்: வீடு கடலூர், மருத்துவம் ஜிப்மர். எதை எங்கே, எந்த வரிசையில் செய்வது?

கெடிலக்கரை கேட்டது:

வணக்கம். அக்கா பொண்ணுக்கு வர்ற தை மாசம் 18 முடியுது. மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு. நடக்க முடியாது. பேச்சு இல்லை, நாம பேசறது ஓரளவு புரியும். வீடு கடலூர் முதுநகர். ஆதார், குடும்ப அட்டை எல்லாம் கடலூர் முகவரியிலதான். சின்ன வயசுலேர்ந்து காட்டுறது புதுச்சேரி ஜிப்மர்ல.

கையில இருக்கறது பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும்தான். மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வருது. யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) கடலூர்ல எடுக்கணுமா, புதுச்சேரியிலயா? 18க்கு அப்புறம் என்னென்ன மாறும்?

இன்னொண்ணு, முகாம்ல கொடுத்த சக்கர நாற்காலியில உட்கார வச்சா இடது பக்கமா சாஞ்சுடுறா. இடது பக்கம் உட்காரும் எலும்பு மேல தோல் கறுத்துக் கெட்டியா இருக்கு. இதுக்கு வீட்லயே ஏதாவது செய்யலாமா?

---

மனுப்பெட்டி பதில்:

குறைபாட்டுச் சான்றும் அதை வைத்து வரும் யுடிஐடி அட்டையும் நாடு முழுக்க ஒன்றுதான். பணம் மட்டும் முகவரியைப் பார்த்து வரும். இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின்படி, முகவரி இருக்கும் மாவட்டத்தின் மருத்துவக் குழுவிடம் சான்றுக்கு மனுச் செய்யலாம், அல்லது இந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் செய்யலாம். ஆகவே ஜிப்மரில் கேட்பது தவறில்லை. ஆனாலும் நான் கடலூரையே சொல்வேன். ஏனென்றால் உதவித்தொகை, உபகரணம், காப்பாளர் சான்று (18க்குப் பிறகு பெண்ணின் சார்பில் கையெழுத்திட) எல்லாமே கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகவும் ஆட்சியர் அலுவலகத்தின் வழியாகவும்தான் போகும். அங்கே தெரிந்த குழு எழுதிய சான்றைப் பற்றி யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். ஜிப்மர் சிகிச்சைச் சுருக்கங்களின் நகலைக் குழுவிடம் கொடுங்கள், அசலைக் கையை விட்டு விடாதீர்கள்.

எப்போது போவது என்றால், அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறு வயதில் தரும் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18ல் தருவது ஆயுளுக்கும் செல்லும். உதவித்தொகை ஏற்கெனவே வருவதால், யுடிஐடி இணையதளத்தில் இப்போதே பதிந்துவிட்டு, பிறந்தநாள் முடிந்த கையோடு குழு முன் போனால் இரண்டு முறை தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பணம் வராதவர்கள் காத்திருக்கக் கூடாது, உடனே எடுத்துவிட வேண்டும்.

குழு திருப்பி அனுப்ப முக்கியக் காரணம் உளவியல் மதிப்பீடு இல்லாமல் போவது. பேச்சும் கைப்பயன்பாடும் இல்லாத பிள்ளைக்கு வழக்கமான ஐ.க்யூ. சோதனை சரிவராது. தாயிடம் கேட்டுக் கணக்கிடும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவீட்டை மருத்துவ உளவியலாளரிடம் முன்பே எடுத்துவையுங்கள்.

சான்றைக் கையில் வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள். 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இரண்டும் பெயராக வர வேண்டும். 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கு மட்டும்தான். அந்தச் சொல் சான்றில் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் வழி வரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் இல்லை, எளிய வழியில் காப்பாளர் சான்றும் இல்லை. விழுக்காட்டையும் பாருங்கள்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீல அட்டை.

நிராமயாவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கை 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். புதுப்பிக்க முறையே 50, 250. முன்பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளவும் மாட்டார்கள். முதலமைச்சர் காப்பீடு இருந்தாலும் இதையும் எடுங்கள், இயன்முறை போன்ற வெளிநோயாளர் செலவுக்கு இதுதான் கைகொடுக்கும். மார்ச் 31ல் முடிந்துவிடும், பிப்ரவரியிலேயே புதுப்பியுங்கள். சிகிச்சையாளரின் பதிவு எண்ணும் முத்திரையும் இல்லாத ரசீதுகள் திரும்பி வரும்.

புதுச்சேரிப் பக்கம் வாடகைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு ஆதார் முகவரியை மாற்ற வேண்டாம். மாற்றினால் தமிழ்நாட்டின் மாதம் 2,000 ரூபாய் நிற்கும். அங்கே சமூக நலத்துறையில் புதிதாக மனுப்போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆதாரிலேயே இன்னொரு வேலையும் இருக்கிறது. 15 வயதுக்கு மேல் கைரேகை, கருவிழியைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. கை இறுகியிருந்து ரேகை விழாவிட்டால் விதிவிலக்காகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். ரேகை பொருந்தாமல் தொகை நின்றுபோன வீடுகள் நிறைய.

---

இயன்முறை அறை பதில்:

நாற்காலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது காத்திருக்காது.

கறுத்துக் கெட்டியான அந்த இடத்தை இன்றே பாருங்கள். நம் நிறத் தோலில் சிவப்பு தெரியாது, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கல் மாதிரியோ, கொழகொழவென்றோ இருந்தால் அழுத்தப் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அது இறங்கும்வரை நாற்காலியே வேண்டாம். வலது பக்கமாகச் சற்றுச் சாய்த்து, முதுகுக்கும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்துப் படுக்கவையுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுங்கள், ஆனால் இடது எலும்பு மேல் பாரம் இறங்கும் நிலை வேண்டாம். அங்கே தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தாதீர்கள். உள்ளே நசுங்கிய திசு தேய்த்தால் கிழியும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் கூடாது, சுற்றிலும் இரத்த ஓட்டத்தை அது அறுக்கும். தோல் பிய்ந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனை.

அடுத்து, இடுப்பு எலும்பு எக்ஸ்ரே. நடக்காத மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவும், முதுகும் வளையும். சாய்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எலும்பு மருத்துவர் பார்க்காமல் பட்டையை இறுக்கி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

எக்ஸ்ரே பார்த்தபின் வீட்டில் இதைச் சோதிக்கலாம். கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து ஒருவர் முன்னால் தாங்க, இன்னொருவர் இடுப்பின் இரு பக்கமும் கைவைத்து மெதுவாக மட்டமாக்கிப் பாருங்கள். மட்டமாகிறதென்றால் தாழ்ந்த பக்கத்துக்கு, அதாவது இடது பக்கத்துக்கு, அடியில் 1 செ.மீ. முட்டு கொடுக்கலாம். மட்டமாகாமல் இறுகி நின்றால் தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவே கூடாது. உயர்ந்திருக்கும் வலது பக்கத்தின் அடியில் உள்ள வெற்றிடத்தை நிரப்பிப் பாரத்தை இரு பக்கமும் பிரிக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் புண்ணைப் பெரிதாக்குகிறார்கள்.

முகாம் நாற்காலிகளின் இருக்கை தொட்டில் துணி மாதிரித் தொங்கும். அதில் தொடைகள் உள்ளே உருண்டு இடுப்பு சாயும். 12 மி.மீ. பிளைவுட்டை இருக்கை அளவுக்கு அறுத்துப் போட்டு, மேலே 40 டென்சிட்டி ஃபோம் 5 செ.மீ., அதன்மேல் மென்மையான ஃபோம் 2.5 செ.மீ. வையுங்கள். உறை பருத்தியாக இருக்கட்டும், ரெக்சின் வேர்வையைப் பிடித்துத் தோலை ஊறவைக்கும். உட்கார்ந்திருக்கும்போது எலும்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு பலகையில் இடிப்பது தெரிந்தால் ஃபோம் செத்துவிட்டது, மாற்றுங்கள்.

அளவு எடுக்கக் கெட்டிப் பெஞ்சில் உட்காரவைத்து, இடுப்பின் அகலமான இடத்தை அளந்து 2 செ.மீ. மட்டும் கூட்டுங்கள். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்து 3 முதல் 5 செ.மீ. குறைத்தால் இருக்கை நீளம். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடை மடிப்பின்மேல், சாய்வாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். உடல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் மூன்று இடத்தில் முட்டு தேவை: வளைவு புடைத்த பக்கத்தில் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் அக்குளுக்கு இரு விரல் கீழே ஒன்று, அதே பக்க இடுப்பில் ஒன்று.

மத்திய அரசு உபகரணம் தரும் அடிப் (ADIP) திட்டத்தில் ஒரே உபகரணத்தை 3 ஆண்டுக்குள் மறுபடி தரமாட்டார்கள் (12 வயதுக்குக் கீழ் என்றால் 1 ஆண்டு). எனவே முகாமில் பொருந்தாத நாற்காலியைச் 'சும்மாதானே' என்று வாங்கிக் கையெழுத்திடுவது மூன்று வருடத்தை விற்பதற்குச் சமம். பழைய நாற்காலியின் தேதியைப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால், முட்டுகளோடு கூடிய சி.பி. (மூளை முடக்குவாத) நாற்காலிக்கு முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் அளவெடுக்கலாம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது.

---

கெடிலக்கரை:

ரொம்ப நன்றிங்க. இன்னிக்கே வலப்பக்கமா படுக்க வச்சாச்சு. தொட்டா சூடு இருக்கு, தோல் பியலை. நாளைக்கே ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போறோம்.

வாசல்ல மூணு படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். ரெண்டு பேர் தூக்கித்தான் இறக்கறோம். மழைக்காலத்துல உப்பனாறு பக்கமிருந்து தண்ணி வந்தா என்ன செய்யறதுன்னே தெரியலை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை, தனக்கப்புறம் யாருங்கறதுதான்.

---

சாய்தளம் பதில்:

வாசல் படிக்குச் சாய்தளம் கட்டலாம். சரிவு 1க்கு 12, அதாவது 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். உங்கள் 45 செ.மீ.க்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். முதுநகர்த் தெருவில் நேராக அவ்வளவு இடம் கிடைக்காது. சுவரையொட்டி 2.7 மீட்டர், ஒரு திருப்பு மேடை, திரும்பி இன்னொரு 2.7 மீட்டர் என்று கட்டலாம். மேடை 1.5 மீட்டர் சதுரம் இல்லாவிட்டால் நாற்காலி திரும்பாது. அகலம் குறைந்தது 90 செ.மீ., இரு ஓரமும் 7 செ.மீ. தடுப்பு. மேலே பளபளப்பான ஓடு பதிக்காதீர்கள், சிமெண்டில் துடைப்பத்தால் கோடு இழுத்து விட்டால் போதும். இரும்பில் செய்தால் உப்புக்காற்று சில வருடத்தில் தின்றுவிடும்.

வெள்ளத்துக்கு ஐப்பசி பிறக்கும் முன்பே ஏற்பாடு வேண்டும். 2011 தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன்பின் தென்பெண்ணை வெள்ளம் என்று நம் பக்கம் தண்ணீர் இரவில்தான் ஏறுகிறது. தூக்கிச் செல்ல வேண்டியவர் இருக்கிறார் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐச் சுவரில் எழுதுங்கள். எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே கிளம்புங்கள். வலிப்பு மருந்து எப்போதும் 15 நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டின் நகலோடு இறுக மூடும் டப்பாவில் இருக்கட்டும். அந்த மருந்து திடீரென நின்றால் வலிப்பு தொடர்ச்சியாக வரும், வெள்ள நிவாரண முகாமில் தங்கும் நாட்களில் நடக்கும் பெரிய ஆபத்து அதுதான். 5 நிமிடம் தாண்டும் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் தரலாமா, எவ்வளவு என்று மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

---

சிறப்பாசிரியர்_வில்லியனூர் பதில்:

ஒண்ணு விட்டுப்போச்சு. பேச்சு இல்லாத பெண்ணை 18 வயசுல பெரியவங்களா நடத்தணும்னா, அவங்க 'வேணாம்'னு சொல்ல ஒரு வழி வேணும். முதல்ல ரெண்டே படம்: 'ஆமா', 'வேணாம்'. ஏ4 தாள்ல பெருசா ஒட்டி லேமினேட் பண்ணி, இடது வலதா ஒரு அடி இடைவெளி விட்டுப் பிடிங்க. கண் எந்தப் பக்கம் போய் நிக்குதோ அதுதான் பதில். 10 விநாடியாவது காத்திருங்க, இறுக்கம் உள்ள உடம்புக்கு அவ்வளவு நேரம் தேவை. அது நிலைச்சபிறகு வலி, கழிப்பறை, தண்ணி, அம்மான்னு நாலு படம். படத்தைத் தொட்டா பேசற, சென்னையில உருவான அவாஸ் செயலியில தமிழும் இருக்கு, ஆனா அட்டையில பழகாம டேப்லெட் வாங்கிடாதீங்க.

சாப்பாட்டு நேரத்துல தலை பின்னால சாயாம, தாடை லேசா கீழே இறங்கினாப்ல இருக்கணும். அண்ணாந்து ஊட்டினா நுரையீரலுக்குப் போகும். சாப்பிட்டு அரை மணி நிமிர்ந்தே இருக்கட்டும்.

அக்காவுக்கு ராத்திரில மனசு தாங்கலைன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண். தமிழ்ல பேசலாம், காசு இல்லை.

---

மனுப்பெட்டி:

'தனக்கப்புறம்' என்ற கவலைக்கு வருகிறேன். 18 முடிந்த அன்றே பெற்றோர் தானாகக் காப்பாளர் என்ற நிலை சட்டப்படி முடிகிறது. மைனர் கணக்கில் தாய் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுப்பதையும் வங்கி நிறுத்தும். உதவித்தொகை அந்தக் கணக்கில் விழுந்து கிடக்கும், எடுக்க முடியாது.

அதனால் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 14ஆம் பிரிவில், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவுக்குப் படிவம் 'அ' கொடுக்க வேண்டும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. குழு மாதாமாதம் கூடுவதில்லை, ஆகவே பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் அடையாளம், இருவரின் சம்மதம் எல்லாம் பிறந்தநாளுக்கு முன்பே தயாராக இருக்கட்டும், யுடிஐடி வந்ததும் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். குழுவின் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2007 சுற்றறிக்கை இருக்கிறது. கிளையில் மறுத்தால் அதைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அக்காவும் மாமாவும் முதலில் காப்பாளராகட்டும். அடுத்து யார் என்பதை இப்போதே பேசிவைத்து, அந்த ஆளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் கூடவே அழைத்துப் பழக்குங்கள். உறவினரும் மனுச் செய்யலாம் என்பதால் நாளைக்கு உங்கள் பெயரும் வரலாம். பெண்ணின் பெயரில் வீடோ நிலமோ எழுதிவைக்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சொத்துக்கும் காப்பாளராக நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். தவறாகக் கையாண்டால் உறவினர் யாரும் குழுவிடம் முறையிட்டு அவரை நீக்கக் கேட்கலாம்.