‘ஆய்தல்’: சொல்லின் பொருளும் வேரும்

கேள்வி:
கீரை ஆய்வதற்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் ஒரே வினைச்சொல் வழங்குவது தற்செயலா, இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஒரே வேர்தான். தொல்காப்பிய உரியியல், ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது. அதாவது, முன்பிருந்ததைவிட நுண்ணிதாதல் என்பதே அங்கே சொல்லப்படும் பொருள். பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் நீக்கி, வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுக்கும் செயலில் அந்தக் குறைத்தலும் கூர்ந்து நோக்குதலும் சேர்ந்தே இருப்பதால், அச்சொல் அறிவுத்துறைக்குச் சென்றதில் வியப்பில்லை.

மறுமொழி 2:
நட்பாராய்தல் அதிகாரத்தில் வரும் ‘ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை’ (குறள் 792) என்னும் தொடரில், ஆராய்தலும் தேர்ந்தெடுத்தலும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதைக் கவனியுங்கள். ‘ஃ’ என்னும் எழுத்துக்கு ஆய்தம் என்று பெயர் வந்ததும் அதன் நுண்ணிய ஒலியால்தான் என்று கொள்வோர் உண்டு. ஆயுதத்தோடு அதை இணைப்பதைவிட இவ்விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

மறுமொழி 3:
‘ஆய்வு’ என்ற பொருளில் வேட்புமனு விஷயத்தில் வழங்கும் ‘பரிசீலனை’ வடசொல். ‘உடற்கூறாய்வு’ என்பதோ உடல், கூறு, ஆய்வு என்று பிரியும் தமிழ்த்தொடர். எனவே, நாளிதழ்களில் காணும் ‘கூராய்வு’ என்ற வடிவத்தைவிட வல்லின றகரமே அங்கே பொருந்தும்.